விளையாட்டும் விவேகமும்: போருக்கு முன் நடக்கும் போர்

சதுரங்கப் பலகைக்கு முன் இருவர் அமர்ந்தால் இருவர் கையிலும் பதினாறு காய்களே உண்டு. ஒருவருக்கு அரசர் எத்தனையோ மற்றவருக்கும் அத்தனையே. ஒருவரின் குதிரை எவ்வாறு பாயுமோ மற்றவரின் குதிரையும் அவ்வாறே பாயும். வேற்றுமையெல்லாம் ஆடுவோரின் மதியில் மாத்திரமே. ஆனால், "ஒவ்வொருவரும் தத்தம் சேனையைத் தாமே தெரிந்தெடுத்துக்கொண்டு வரலாம்" என்று ஒரு விதி பிறந்தால் என்ன நடக்கும்? அப்பொழுது ஆட்டம் பலகையின் முன் ஆரம்பமாவதில்லை. வீட்டில் ஒரு மூலையில், காகிதமும் பென்சிலுமாகத் தனித்திருந்து எண்ணிப் பார்க்கும் வேளையிலேயே அது ஆரம்பமாகிவிடுகிறது. இன்று உலகெங்கும் சிறுவரும் வளர்ந்தோரும் ஆடிவருகின்ற போக்கிமொன் போட்டி இத்தகைய ஒன்றாகும்.

இப்பெயரைக் கேட்டதும் பெற்றோரிற் பலர் முகஞ் சுளிப்பர். பிள்ளைகளின் பொழுதைக் களவாடும் பொம்மைச் சண்டை என்பது அவர்களின் அபிப்பிராயம். பொழுது வீணாவது ஆடுவோரின் கையில் இருக்கின்றது. அதனைப் பின்னர் பார்ப்போம். ஆயின், இவ்வாட்டத்தைச் சரிவர ஆட முனையும் மாணவன் ஒருவன் தன்னை அறியாமலே கணக்கையும், நிகழ்தகவையும், பிறர் மனத்தை ஊகிக்கும் வித்தையையும், எல்லாவற்றிற்கும் மேலாகத் தோல்வியை ஆராயும் பழக்கத்தையும் கற்றுக்கொள்ள வேண்டியவனாகின்றான். ஆகவே இவ்வாரம் அதனையே எடுத்துக்கொள்வோம்.

பூச்சி பிடித்த சிறுவன்

சதோஷி தாஜிரி என்பவர் யப்பானின் டோக்கியோ நகரை அடுத்துள்ள மச்சிடா என்னும் இடத்தில் வளர்ந்தவர். சிறு பராயத்தில் வயல்களிலும் குளக்கரைகளிலும் பூச்சிகளைத் தேடிப் பிடிப்பதே அவருக்குப் பெரும் பொழுதுபோக்காக இருந்தது. நகரம் பெருகப் பெருக வயல்கள் மறைந்தன, பூச்சிகளும் மறைந்தன. தாம் அனுபவித்த அந்த மகிழ்ச்சியைப் பின்வந்த பிள்ளைகளுக்கு வேறொரு வடிவில் கொடுக்க வேண்டும் என்னும் எண்ணத்திலிருந்தே போக்கிமொன் பிறந்தது. 1996ஆம் ஆண்டு பெப்ரவரி 27ஆந் திகதி, நின்டென்டோ நிறுவனத்தின் 'கேம் போய்' என்னும் கையடக்கக் கருவிக்காக இதன் முதல் இரு பதிப்புகளும் யப்பானில் வெளிவந்தன. அன்று அதில் இருந்த விநோதப் பிராணிகள் 151. இன்று அத்தொகை ஆயிரத்தைத் தாண்டிவிட்டது.

ஆயிரம் பிராணிகளிலிருந்து ஆறைத் தெரிவு செய்ய எத்தனை வழிகள் உண்டு என்று கணக்கிட விரும்பும் மாணவர்கள் கணக்கிட்டுப் பார்க்கலாம். விடை பத்துக் கோடி கோடிக்கும் அதிகம்! ஒவ்வொரு போட்டிக்கும் அனுமதிக்கப்படும் பிராணிகள் குறைவே எனினும், ஒருவர் எல்லா வழிகளையும் சோதித்துப் பார்த்து நல்ல அணியைக் கண்டுபிடித்தல் இயலாத காரியம் என்பது இதனால் விளங்கும். சோதித்துப் பார்க்க இயலாதவிடத்து யோசித்துத்தான் பார்க்க வேண்டும்.

ஆட்டத்தின் அமைப்பு

உலகப் போட்டிகளில் பெரிதும் ஆடப்படுவது இரட்டையர் ஆட்டம். ஒவ்வொருவரும் ஆறு பிராணிகளைக் கொண்டு வருவர். எதிரியின் ஆறையும் பார்த்த பின்னர், தம்முடைய ஆறில் நான்கை மாத்திரம் களத்திற்குத் தெரிவர். அந்நான்கில் இரண்டு முன்னணியில் நிற்கும். இரண்டு பின்னணியில் காத்திருக்கும். இத்தெரிவுக்குக் கொடுக்கப்படும் நேரம் 90 செக்கன். ஆறில் நான்கைத் தெரிய 15 வழிகள் உண்டு; அவற்றுள் எவை முன், எவை பின் என்பதையும் சேர்த்தால் 90 வழிகள். செக்கனுக்கு ஒரு வழி!

ஒவ்வொரு பிராணிக்கும் நான்கு வித்தைகள் மாத்திரமே அனுமதிக்கப்படும். இரு திறத்தாரும் தத்தம் கட்டளையை ஒரே வேளையில், ஒருவர் மற்றவருக்குத் தெரியாமல் இடுவர். அதன்பின் வேகம் மிகுந்தது முந்திச் செயற்படும். வேகம் குறைந்தது பிந்திச் செயற்படும். எனவே, நாம் ஆடுவது எதிரி செய்த காரியத்திற்கு மறுமொழியன்று. அவர் செய்யப்போகும் காரியத்தை ஊகித்து இடும் மறுமொழியாகும். இங்கேதான் இவ்வாட்டம் சதுரங்கத்திலிருந்து விலகி நிற்கின்றது.

வெல்லும் வகையும் வீழும் வகையும்

பிராணிகளும் அவற்றின் வித்தைகளும் பதினெட்டு வகைகளாகப் பிரிக்கப்பட்டிருக்கின்றன. நெருப்பு புல்லை எரிக்கும். புல் நீரை உறிஞ்சும். நீர் நெருப்பை அணைக்கும். இது பாலர் வகுப்புப் பிள்ளைக்கும் விளங்கும். பனி, பாறை, இரும்பு, ஆவி, விஷம் முதலிய ஏனைய வகைகளுக்கும் இவ்வாறே தனித்தனி உறவும் பகையும் உண்டு. ஏற்ற வகையால் அடித்தால் அடி இருமடங்காகும். ஏலாத வகையால் அடித்தால் பாதியாகும். சிலவிடத்து அடி முற்றாகப் பலியாது போகும். மின்னல் நிலத்தை ஒன்றும் செய்யாது; நிலநடுக்கம் பறப்பதை ஒன்றும் செய்யாது.

ஒரு பிராணி இரண்டு வகைகளைச் சேர்ந்ததாகவும் இருக்கலாம். அப்பொழுது பெருக்கற் கணக்குத் தொடங்குகின்றது. பெலிப்பர் என்னும் நாரை போன்ற பறவை நீரும் பறப்பும் சேர்ந்தது. மின்னல் நீரை இருமடங்கு தாக்கும். பறப்பதையும் இருமடங்கு தாக்கும். ஆகவே பெலிப்பரை நான்கு மடங்கு தாக்கும். கிங்ட்ரா என்னும் கடற்குதிரை நீரும் டிராகனும் சேர்ந்தது. நீர் காரணமாக மின்னல் இருமடங்கு; டிராகன் காரணமாகப் பாதி; இரண்டும் பெருகி ஒன்றாகிவிடும். இரண்டும் நீர்ப் பிராணிகளே. ஆயினும் ஒன்றுக்கு மின்னல் யமன். மற்றதற்கு அது சாதாரண அடி.

ஆறு வீரர் வேறு, ஓர் அணி வேறு

புதிதாக ஆடத் தொடங்கும் மாணவன் பெரும்பாலும் என்ன செய்கின்றான்? மிக வலியன என்று பெயர் பெற்ற ஆறைத் திரட்டிக்கொண்டு போகின்றான்; போய், முகந் தொங்கத் திரும்பி வருகின்றான். உதைபந்தாட்டத்தில் பதினொரு பேரும் கோல் அடிக்க ஓடினால் தம் கோலைக் காப்பவர் யார்? ஆறு பேருக்கும் ஆறு தொழில் இருத்தல் வேண்டும். அத்துடன், ஒருவரின் குறையை மற்றொருவர் மறைத்தல் வேண்டும்.

இதனை ஓர் உதாரணத்தால் விளக்குவோம். 2019இல் வெளிவந்து 2020இல் விரிவாக்கப்பட்ட 'சோர்ட்', 'ஷீல்ட்' என்னும் ஆட்டங்களில் அமைக்கக்கூடிய மழை அணி ஒன்றை எடுத்துக்கொள்வோம்.

அணியின் அத்திவாரம் பெலிப்பர். அது களத்தில் இறங்கியவுடன் மழை பெய்யும். ஐந்து சுற்றுக்கு நீடிக்கும். மழையில் நீர் வித்தைகள் ஒன்றரை மடங்கு வலிவு பெறும். நெருப்பு வித்தைகள் பாதியாகும்.

இரண்டாவது கிங்ட்ரா. மழையில் இதன் வேகம் இருமடங்காகும். மழையை ஒருவர் கொண்டுவர மற்றவர் பயன்படுத்துகின்றார். இவ்விருவரும் அணியின் உயிர்நாடி.

இனி இவர்களின் பகைவர் யார் என்று நோக்குவோம். பெலிப்பருக்கு மின்னல் பெரும் பகை. ஆகவே மூன்றாவதாக ரைச்சுவைச் சேர்ப்போம். எதிரி ஒன்றைக் குறிவைத்து எறியும் மின்னலை இடிதாங்கி போலத் தன்பால் இழுத்துக்கொள்ளும் இயல்பு அதற்கு உண்டு; அம்மின்னலால் அதற்குத் தீங்கும் இல்லை. அன்றியும், சாதாரண வேளையில் நூற்றுக்கு எழுபது முறையே இலக்கில் விழும் 'தண்டர்' என்னும் இடி, மழையில் ஒருபோதும் தவறுவதில்லை. மழையால் காக்கப்பட வேண்டியதைக் காக்க வந்தவரே மழையால் பயனும் அடைகின்றார்!

கிங்ட்ராவுக்குப் பகை டிராகனும் தேவதையும். நான்காவதாக வரும் பெரொதோர்ன் புல்லும் இரும்பும் சேர்ந்த முட்கோளம். டிராகனின் அடியையும் தேவதையின் அடியையும் பாதியாகத் தாங்கும். தேவதையைத் தன் இரும்பால் இருமடங்கு தாக்கும். அதன் ஒரே பெருங்குறை நெருப்பு. நெருப்புப் பட்டால் நான்கு மடங்கு சேதம். ஆனால் மழை பெய்யும் களத்தில் நெருப்பு பாதியாகிவிடுகின்றதே! பெலிப்பர் கிங்ட்ராவுக்காகக் கொண்டுவந்த மழை பெரொதோர்னுக்கும் குடையாகின்றது. ஓர் உறுப்பினரின் செயல் இருவருக்கு உதவும்பொழுதுதான் ஆறு பேர் அணியாகின்றனர்.

எதிரியும் வாளாவிருக்க மாட்டார். டொர்க்கோல் என்னும் ஆமையைக் கொண்டு வெயிலை வரவழைப்பார். இங்கே ஒரு நுட்பத்தை அறிதல் வேண்டும். இரு திறத்தாரும் முதலில் ஒரே வேளையில் இறங்கினால், வேகம் மிகுந்ததன் இயல்பு முந்தியும், மந்தமானதன் இயல்பு பிந்தியும் பலிக்கும். பிந்தி வந்ததே களத்தில் நிலைக்கும். டொர்க்கோல் பெலிப்பரிலும் மிக மந்தமானது. எனவே நமது மழை ஒரு கணம் பெய்து மறைய, அவரது வெயில் நிலைத்துவிடும். அவ்வாறாயின், பெலிப்பரை முன்னணியில் நிறுத்தாது பின்னணியில் வைத்துப் பின்னர் இறக்குவதே யுக்தி. இத்தகைய எதிரிக்காகவே ஐந்தாவதாகக் கார்ச்சொம்பைச் சேர்க்கின்றோம். அது டிராகனும் நிலமும் சேர்ந்தது. நெருப்பைப் பாதியாகத் தாங்கும். டொர்க்கோலைப் பூகம்பத்தால் இருமடங்கு தாக்கும். பூகம்பம் அருகில் நிற்கும் தோழனையும் தாக்கும் என்பது ஓர் இடையூறு. ஆனால் பெலிப்பர் பறப்பது. அதனைப் பூகம்பம் தீண்டாது. அதே பூகம்பத்தை ரைச்சுவின் பக்கத்தில் நின்று செய்தால் எதிரிக்கு முன் நம்மவர் வீழ்வார். யாரை யாருடன் நிறுத்துவது என்பதும் அணியமைப்பின் ஒரு பகுதியே.

ஆறாவது இடம் ஒன்று எஞ்சியிருக்கின்றது. பலருக்குக் கியாரடொஸ் நினைவுக்கு வரும். எதிரிகளின் தாக்கும் வலிவை வந்தவுடனே குறைத்துவிடும் மிரட்டும் இயல்பு அதற்கு உண்டு. ஆனால் அதுவும் நீரும் பறப்பும் சேர்ந்தது. பெலிப்பரின் குறையே அதன் குறையும். ஒரே கள்வன் இரண்டு வீட்டைக் கொள்ளையிட நாமே வழிவிடுவானேன்? ஆகவே இன்சினரோரைச் சேர்ப்போம். அது நெருப்பும் இருளும் சேர்ந்த புலி. "மழை அணியில் நெருப்புக்கு என்ன வேலை?" என்று கேட்கலாம். அதனை நாம் நெருப்புக்காக அழைக்கவில்லை. அதுவும் மிரட்டும் இயல்புடையது. எதிரிகள் இருவரின் உடல்வலித் தாக்குதலையும் மூன்றிலொரு பங்கு குறைத்துவிடும். இறங்கிய முதற் சுற்றில் ஓர் எதிரியைத் திடுக்கிடச் செய்து, அச்சுற்றில் செயலற்று நிற்கவும் வைக்கும். அடிப்பதற்கென்று ஒருவரும் அடிபடாமற் காப்பதற்கென்று ஒருவரும் இருக்கலாம் அல்லவா?

அணி முடிந்ததும் ஒரு கட்டம் போட்டுப் பாருங்கள். ஆறு வரிகள், பதினெட்டு நிரல்கள். எந்த வகைக்கு யார் அஞ்சுவர், யார் தாங்குவர் என்று குறித்து வாருங்கள். மேற்சொன்ன அணிக்குப் பனியால் கார்ச்சொம்ப் ஒன்றே நான்கு மடங்கு வருந்தும். இன்சினரோர் பனியைப் பாதியாகத் தாங்கும். அது பாதகமில்லை. ஆனால் மற்போர் வகைக்குப் பெரொதோர்ன், இன்சினரோர் இரண்டும் அஞ்சும். தாங்குவது பெலிப்பர் மாத்திரமே. அதனால் மற்போர் வீரர் நிறைந்த அணியை எதிர்க்கும்பொழுது பெலிப்பரை எளிதில் இழந்துவிடலாகாது என்பதை ஆட்டத்திற்கு முன்பே அறிந்துகொள்கின்றோம். குறையே இல்லாத அணி உலகத்தில் இல்லை. தன் குறை எதுவென்று அறிந்த அணியும், அறியாத அணியும் என இரண்டே உண்டு.

இரண்டு புள்ளியின் பெறுமதி

ஒவ்வொரு பிராணிக்கும் உயிர்ப்பலம், தாக்கல், காத்தல், விசேஷத் தாக்கல், விசேஷக் காத்தல், வேகம் என ஆறு குணங்கள் உண்டு. 'சோர்ட்', 'ஷீல்ட்' ஆட்டங்களிலும், 2022இல் வெளிவந்த 'ஸ்கார்லெட்', 'வயலெட்' ஆட்டங்களிலும், பயிற்சியினால் ஒரு பிராணிக்குச் சேர்க்கக்கூடிய புள்ளிகள் மொத்தம் 510. ஒரு குணத்திற்கு 252க்கு மேல் சேர்க்க இயலாது. எல்லாவற்றிலும் சிறந்திருக்க முடியாது என்பதே இதன் கருத்து. ஒன்றைப் பெறுவதற்கு ஒன்றை விடவேண்டும்.

போட்டிகளில் எல்லாப் பிராணிகளும் 50ஆம் படிநிலையில் நிறுத்தப்படும். அப்படிநிலையில் கார்ச்சொம்பின் வேகத்தை இயன்றவரை உயர்த்தினால் 169 ஆகும். அடிப்படை வேகம் 100 உள்ள எத்தனையோ பிராணிகளின் உச்சம் 167. வேற்றுமை இரண்டே புள்ளி. ஆயினும் அவ்விரண்டு புள்ளியினால் கார்ச்சொம்ப் ஒவ்வொரு சுற்றிலும் முந்தி அடிக்கும். பரீட்சையில் இரண்டு புள்ளியால் இடம் இழந்த மாணவனுக்கு இதனை விளக்க வேண்டியதில்லை.

இனிக் கிங்ட்ராவை நோக்குவோம். வேகத்திற்கு ஒரு புள்ளியேனும் செலவிடாத கிங்ட்ராவின் வேகம் 105. மழையில் அது 210 ஆகும். உச்ச வேகமுள்ள கார்ச்சொம்பையும் அது எளிதில் முந்திவிடும். அப்படியாயின் அதன் வேகத்தில் 252 புள்ளிகளையும் கொட்டுவது எதற்காக? மழையில் மாத்திரம் ஆடுவதாயின் அவற்றை உயிர்ப்பலத்திற்கும் காத்தலுக்கும் பகிர்ந்தளிக்கலாம். மழை நின்ற பின்னரும் ஆட வேண்டுமாயின் வேகத்திற்குச் சிறிது ஒதுக்கலாம். "எவ்வளவு கூட்டலாம்?" என்று கேட்பவன் புதியவன், "எவ்வளவு போதும்?" என்று கேட்பவன் தேர்ந்தவன். வீட்டுச் செலவுக் கணக்கு எழுதும் தாய்மாருக்கு இது புதிய பாடமன்று.

அதிர்ஷ்டத்தின் பங்கு

தோற்ற பிள்ளைகள் முதலிற் சொல்லும் காரணம் அதிர்ஷ்டமின்மை. அதில் உண்மை சிறிது உண்டு. ஒரே அடி ஒவ்வொரு முறையும் ஒரே அளவாக விழுவதில்லை; நூற்றுக்கு 85 தொடக்கம் 100 வரை மாறும். சில வித்தைகள் இலக்குத் தவறுவதும் உண்டு. 'ஹைட்ரோ பம்ப்' என்னும் நீர்ப்பாய்ச்சலின் வலிவு 110. ஆனால் நூற்றுக்கு எண்பது வீதமே பலிக்கும். 'சேர்ப்' என்னும் அலையின் வலிவு 90. இலக்குத் தவறுவது அரிது. முன்னதை மூன்று முறை பிரயோகித்தால் மூன்றும் பலிக்கும் வாய்ப்பு நூற்றுக்கு 51 வீதத்தை ஒட்டியதே. ஏறத்தாழ நாணயத்தைச் சுண்டிப் பார்ப்பதற்கு ஒப்பானது!

மூன்று முறையும் பலித்தாலன்றி வெல்ல முடியாத நிலைக்குத் தன்னைக் கொண்டுவந்து நிறுத்திய ஒருவன், மூன்றாவது தவறியதும் அதிர்ஷ்டத்தை நொந்து பயனில்லை. அந்நிலைக்கு அவன் எப்படி வந்தான் என்பதே கேள்வி. மேலே கூறிய மழை அணியில் 'தண்டர்' தவறாது. பெலிப்பரின் புயற்காற்றும் அவ்வாறே தவறாது. நல்ல அணியமைப்பு அதிர்ஷ்டத்தை ஒழிப்பதில்லை. அது தலையிடக்கூடிய இடங்களைக் குறைக்கின்றது.

அணில் வென்ற கதை

2014ஆம் ஆண்டு ஒகஸ்ட் மாதம் அமெரிக்காவின் வாஷிங்டன் நகரில் உலகப் போட்டி நடைபெற்றது. வளர்ந்தோர் பிரிவில் முதலிடம் பெற்றவர் தென் கொரியாவைச் சேர்ந்த செஜுன் பார்க். அவரது அணியைக் கண்டோர் வியந்தனர். கார்ச்சொம்ப், கியாரடொஸ் முதலிய பெரும் வீரர்களின் நடுவே பச்சிரிசு என்னும் சின்னஞ்சிறு மின் அணில் ஒன்று நின்றது. கார்ச்சொம்பின் ஆறு அடிப்படைக் குணங்களின் கூட்டுத்தொகை 600. பச்சிரிசுவின் தொகை 405 மாத்திரமே. வலிவைப் பார்த்துத் தெரிபவர் எவரும் அதனைத் தொடமாட்டார்.

பார்க் அதனை ஏன் தெரிந்தார்? எதிரிகளின் தாக்குதலைத் தன்பால் திருப்பும் வித்தை அதற்கு உண்டு. அவரது கியாரடொஸுக்கு மின்னல் பெரும் பகை. பச்சிரிசுவோ மின்னலை உட்கொண்டு உயிர்ப்பலத்தைப் பெருக்கிக்கொள்ளும் இயல்புடையது. கியாரடொஸை நோக்கி எறிந்த மின்னல் திரும்பிப் பச்சிரிசுவிடம் வந்து, அதற்கு ஆகாரமாகிவிடும். அடிக்க வேண்டியதில்லை, அடியைத் தாங்கினால் போதும் என்பதற்கேற்ப அதன் பயிற்சியும் அமைந்திருந்தது. அணில் அடிகளை வாங்கி நிற்க, அதன் மறைவில் நின்ற பெரியவர்கள் எதிரியை முடித்தனர். சபையோர் அந்த அணிலுக்கே ஆரவாரம் செய்தனர்.

இக்கதையைக் கேட்ட பலர் மறுநாளே பச்சிரிசுவைத் தம் அணியில் சேர்த்துத் தோற்றிருப்பர் என்பதில் ஐயமில்லை. பார்க்கின் வெற்றி அணிலில் இல்லை. அணிலுக்கும் மற்றை ஐவருக்கும் இருந்த உறவிலேதான் இருந்தது. வென்றவரின் அணியைப் பிரதி செய்வது தவறன்று. ஆரம்பத்தில் அது நல்ல பாடமுமாகும். ஆனால் ஒவ்வொரு உறுப்பினரும் ஏன் அங்கே நிற்கின்றார் என்று சொல்ல இயலாத வரையில் அது இரவல் அணியே. இரவற் சட்டை அளவாக இருப்பது அரிது.

குறுக்கு வழி

இனிச் சொல்லப்போவதைப் பெற்றோர் சிறப்பாக அவதானித்தல் வேண்டும். ஒரு பிராணியைப் பிடித்து, வளர்த்து, வேண்டிய குணங்களுக்குப் பயிற்றுவதற்குப் பல மணி நேரம் செல்லும். ஆகவே, கணினி நிரல்களின் உதவியால் வேண்டிய பிராணியை ஒரு நொடியில் ஆக்கிக்கொள்ளும் வழக்கம் ஆடுவோரிடையே நெடுநாளாக உண்டு. 2023ஆம் ஆண்டு ஒகஸ்ட் மாதம் யப்பானின் யொக்கொஹாமா நகரில் நடைபெற்ற உலகப் போட்டியில் பரிசோதனை கடுமையாக்கப்பட்டது. இவ்வாறு பெறப்பட்ட பிராணிகளைக் கொண்டுவந்த போட்டியாளர் சிலர் விலக்கப்பட்டனர். ஓராண்டு உழைப்பும் கடல் கடந்த பிரயாணமும் ஒரு பரிசோதனையுடன் முடிவுற்றன.

அவர்கள் சார்பில் பேசினோரும் இருந்தனர். "அப்பிராணிகளின் வலிவு நேர்வழியிற் பெற்றவற்றின் வலிவே, கூடுதலாக ஒன்றும் இல்லை. பள்ளிக்கும் தொழிலுக்கும் செல்பவருக்கு நேரம் எங்கே?" என்பது அவர்கள் வாதம். இதனைப் புறக்கணித்துவிட இயலாது. ஆட்டத்தை ஆக்குவோரும் இக்குறையை உணர்ந்தே, 2016இலும் 2019இலும் வந்த பதிப்புகளில் வளர்ப்பு வேலையை இலகுவாக்கும் வசதிகளைச் சேர்த்தனர். விதி கடினமானது என்று கண்டால் அதனை மாற்றும்படி கேட்பது நியாயம். விதி மாறுமுன்னரே அதனை மீறிவிட்டு, விதி மாறியிருக்க வேண்டும் என்று வாதிடுவது நியாயமன்று. அதே போட்டிக்கு மணிக்கணக்கில் உழைத்து நேர்வழியில் வந்த இன்னொருவன் எதிரே அமர்ந்திருக்கின்றான் அல்லவா? நேரமில்லாமையை அவனும் அறிவான்.

தோல்விக்கு ஒரு கொப்பி

அணியை அமைத்தாயிற்று. இனி என்ன? முதற் பத்து ஆட்டங்களில் பெரும்பாலும் தோற்பீர்கள். அத்தோல்விகளே அணியின் உண்மையான ஆசிரியர். ஒரு கொப்பியை எடுத்து ஒவ்வோர் ஆட்டத்தின் பின்னும் மூன்று வரி எழுதுங்கள். எதிரியின் ஆறில் என்னை வருத்தியது எது? என் ஆறில் ஒருமுறையேனும் களமிறங்காதது எது? நான் எந்தச் சுற்றில் தோற்றேன்? கடைசிக் கேள்விக்கு விடை பெரும்பாலும் கடைசிச் சுற்றாக இராது. இரண்டாஞ் சுற்றாகவோ, 90 செக்கனில் நான்கைத் தெரிந்த வேளையாகவோ இருக்கும்.

பத்து ஆட்டங்கள் முடிந்ததும் கொப்பியைப் பார்த்து ஒன்றை மாத்திரம் மாற்றுங்கள். ஒரு தோல்வியின் கோபத்தில் ஆறையும் கலைத்துவிடுபவன் எதனால் தோற்றான் என்பதை ஒருநாளும் அறியான். விஞ்ஞான வகுப்பில் ஒரு பரிசோதனையில் ஒரு காரணியை மாத்திரம் மாற்றும்படி உபாத்தியாயர் சொல்வது இதற்காகவே. ஆறு ஆட்டங்களில் ஒருமுறையும் இறங்காத உறுப்பினர் உங்களுக்கு எவ்வளவு பிரியமானவராயினும் அவரை மாற்றத்தான் வேண்டும். அல்லது அவருக்கு ஏற்ற தொழிலைக் கண்டுபிடிக்க வேண்டும். பார்க் தம் அணிலுக்குக் கண்டுபிடித்தது போல.

பெற்றோருக்கும் ஒரு வார்த்தை. "எவ்வளவு நேரம் ஆடினாய்?" என்று மாத்திரம் கேளாமல், "ஏன் தோற்றாய்?" என்றும் அன்பாகக் கேட்டுப் பாருங்கள். "அவன் கள்ளன்", "எனக்கு அதிர்ஷ்டமில்லை" என்று பிள்ளை மறுமொழி சொன்னால், அன்றைய ஆட்டம் வீண்பொழுதே; கருவியை மூடிவைக்கச் சொல்வது உங்கள் கடமை. "என் அணியில் மின்னலைத் தாங்க ஒருவரும் இல்லை, அதனைப் பார்க்கத் தவறிவிட்டேன்" என்று சொன்னால், அப்பிள்ளை அன்று ஒரு பாடம் படித்திருக்கின்றது. அக்கொப்பியைக் காட்டும்படி கேட்டு, பக்கத்தில் அமர்ந்து பதினெட்டு நிரல்களையும் ஒருமுறை பாருங்கள். அரை மணி நேரம் செல்லும். அந்த அரை மணி நேரத்தில் பிள்ளை உங்களுக்கு ஆசிரியராக இருப்பது அதற்கும் புதிய அனுபவமாக இருக்கும்.

தனக்கு வலிவு எது, குறை எது, துணை யார், பகை எது என்று ஆராய்ந்த பின்னரே களத்தில் இறங்க வேண்டும் என்பது பழைய உண்மை. ஓர் அணிலும் ஒரு நாரையும் ஒரு முட்கோளமும் அதனை நம் பிள்ளைகளுக்குப் புதிதாகச் சொல்லித் தருகின்றன. கேட்டுக்கொள்வதில் நட்டம் இல்லை.

அடுத்த ஞாயிறு மற்றொரு விளையாட்டுடன் சந்திப்போம்.